ஏழுமலை பள்ளிக்குப் போன வழி

இந்தத் தளத்தில் இதுவரை கோயில், மலை, அருவி என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். எந்த ஓட்டலில் பொங்கல் நன்றாக இருக்கும், செருப்பை எங்கே விடலாம் என்பதைத் தாண்டி நான் போனதில்லை. போன வாரம் சமூகப் பணி படிக்கும் ஒரு மாணவி எழுதியிருந்தார். களப்பணிக்காக டெல்லி போகிறாராம். சிறுவர்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்க அரசின் சமூகத் திட்டங்கள் என்ன செய்ய முடியும் என்பது ஆய்வுத் தலைப்பாம். நீங்கள் அந்த வேலையில் இருந்தவராயிற்றே, எங்கே போய்ப் பார்க்கலாம், யாரைக் கேட்கலாம் என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு வரியில் முடிகிற சமாச்சாரமாக இல்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். குதுப்மினாரை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் போனது 1983 பிப்ரவரியில். ஏசியாட் விளையாட்டுகள் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்போது நான் திருச்சியில் நன்னடத்தை அலுவலராக இருந்தேன். திருடியோ அடிதடியிலோ பிடிபட்ட பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் விசாரித்து, இவனை வீட்டுக்கு அனுப்பலாமா, இல்லத்தில் வைக்க வேண்டுமா என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கிற வேலை. கல்யாண வீடுகளில் யாராவது "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், பதில் சொன்னதும் கைப்பையை மடிக்கு நகர்த்திக்கொள்வார்கள். டெல்லியில் பயிற்சி வகுப்பு என்று உத்தரவு வந்தபோது எங்கள் அலுவலகத்தில் குளிருக்குப் பயந்து யாரும் போகவில்லை. எனக்குக் குளிரைப் பற்றித் தெரியாது, அதனால் போனேன்.

மெட்ராஸ் சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர், இரண்டு இரவும் ஒரு பகலும். இட்டார்சி தாண்டியதும் பக்கத்துப் பெஞ்சு ராணுவக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "மேடம், ஒரு ஸ்வெட்டர் மட்டும்தானா?" என்று கேட்டார். ஸ்டேஷனிலிருந்து சாணக்யபுரிக்கு ஆட்டோக்காரர் பதினைந்து ரூபாய் கேட்டார், பத்துக்கு வந்தார். எட்டுக்கே வந்திருப்பார் என்று விருந்தினர் இல்லத்தில் சொன்னார்கள். அங்கே காலையில் இட்லி கிடைத்தது. சாம்பார் ஊரை விட்டு வந்து ரொம்ப நாள் ஆன சாம்பார்.

பயிற்சி வகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலையில் டீ, பிஸ்கட், உரை. மதியம் சாப்பாடு, டீ, உரை. 'பெற்றோரின் கண்காணிப்பின்மை' என்ற சொல் எல்லா உரைகளிலும் தவறாமல் வந்தது. சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பெற்றோர் அந்த நேரத்தில் எங்கே போயிருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. தவிர, கால் விரல்கள் வேறு மரத்துப்போயிருந்தன.

மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் கமலேஷ் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவரும் என்னைப் போல நன்னடத்தை அலுவலர், டெல்லிக்காரர், பஞ்சாபி. நாற்பது வயதிருக்கும், குரல் அடுத்த மேசை வரை கேட்கும். தன் பராத்தாவில் பாதியை என் தட்டில் வைத்துவிட்டு ஆங்கிலமும் இந்தியும் கலந்து விஷயத்தைச் சொன்னார். பன்னிரண்டு வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் ரயில்வே யார்டில் கரி திருடிப் பிடிபட்டிருக்கிறான். வழக்கு முடியும்வரை பிள்ளைகளை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் பத்து நாளாக இருக்கிறான், வாயைத் திறப்பதில்லை. மூன்று நாளில் குழந்தைகள் நீதிமன்றத்தில் அவனைப் பற்றி அறிக்கை கொடுத்தாக வேண்டும். அம்மாவும் சரியாகப் பேசவில்லை. இப்படியே போனால் பதினாறு வயது ஆகும் வரை சிறப்புப் பள்ளி என்கிற இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நாலு வருஷம். அதுக்குள்ள அவன் அங்க என்ன கத்துப்பான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார் கமலேஷ். எனக்குத் தெரியும்.

அன்று மாலையே போனோம். பையன் பெயர் ஏழுமலை. மொட்டையடித்த தலை, முழங்கால் வரை தொங்கும் இல்லத்து ஸ்வெட்டர். "எந்த ஊருப்பா?" என்றேன். தமிழைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தான். "திண்டிவனம் பக்கம்" என்றான். பிறகு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"செல்வி யாருகிட்ட இருக்குது?"

செல்வி அவனுடைய தங்கை, இரண்டு வயது. அம்மாவிடம்தான் இருக்கும் என்றேன். "அம்மா வேலைக்குப் போவலையா?" என்றான். எனக்குத் தெரியாது என்றேன். அதற்குப் பிறகு கரியைப் பற்றி, கூட்டாளிகளைப் பற்றி என்ன கேட்டும் பதில் இல்லை. போலீஸ் எழுதியதில் கரி இருந்தது, சாக்கு இருந்தது, தப்பி ஓடிய நாலு பையன்கள் இருந்தார்கள். தங்கை என்று ஒரு ஜீவன் அதில் இல்லை.

மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனோம். நிஜாமுதீனுக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டி இருந்த குடிசைப் பகுதி. ஏசியாட் மைதானங்களுக்கு மண் சுமக்கவும் கல் சுமக்கவும் வந்த குடும்பங்கள், வேலை முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டன. ஏழுமலையின் அப்பா ராஜஸ்தானில் கால்வாய் வேலைக்குப் போயிருந்தார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா அஞ்சலை பக்கத்துக் காலனியில் இரண்டு கோட்டிகளில், அதாவது பெரிய பங்களாக்களில், பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்குப் போனால் பதினொன்றுக்குத் திரும்புவாள். பத்து நாளாகச் செல்வியையும் தூக்கிக்கொண்டு போகிறாள், இனிமேல் குழந்தையோடு வரக்கூடாது என்று மேம்சாப், அதாவது கோட்டி எஜமானியம்மா, சொல்லிவிட்டாராம்.

அவள் என்னிடம் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"அங்கியே வெச்சுக்கட்டும்மா. வேளாவேளைக்குச் சோறு போடறாங்களாம், தையலும் சொல்லித் தராங்களாம். இஸ்கூலுக்குப் போடான்னு பஸ் பாஸ் எடுத்துக் குடுத்தா, பச்சப்புள்ளையத் தூக்கிக்கினு யார்டுல கரி பொறுக்கியிருக்கான். அன்னிக்குன்னு பாத்து இஸ்கூலுக்கு டிமிக்கி குடுத்துட்டான்."

"குழந்தை எப்படிம்மா அவன்கூட இருந்தது?"

"அவந்தான இஸ்கூலுக்கு இட்டுக்கினு போவான்? ஊர்ல அப்படித்தான். இஸ்கூலு, பக்கத்துலயே பால்வாடி. பெரிசு இங்க ஒக்காரும், சின்னது அங்க ஒக்காரும். மதியம் ரெண்டும் ஒண்ணா வந்துரும்."

நானும் தமிழ்நாட்டு ஆளாக இருந்ததால் எனக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளிகளிலும் இடுப்பில் தம்பியோ தங்கையோ இல்லாமல் வருகிற மூத்த பிள்ளைகள் குறைவு. கமலேஷுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோதுதான் அவர் புருவத்தைத் தூக்கினார். "இங்க எந்த ஸ்கூல்ல பால்வாடி இருக்கு?"

திருச்சியில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிள்ளையின் வழக்கு வந்தாலும், அவன் பள்ளிக்குப் போகிற அதே நேரத்தில், அதே வழியில் ஒருமுறை போய்விடுவேன். வழியில் என்ன சினிமாக் கொட்டகை, என்ன சாராயக் கடை, எந்த முக்கில் கூட்டாளிகள் நிற்பார்கள் என்று எல்லாம் அதில் தெரிந்துவிடும். அஞ்சலையிடம் மறுநாள் காலை என்னோடு வர முடியுமா என்று கேட்டேன். "மேம்சாப் கத்தும்" என்றாள். கமலேஷ் நேராக அந்தக் கோட்டிக்கே போய் மேம்சாப்பிடம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது, ஒரு நாள் விடுப்பு கிடைத்தது.

இதுதான் ஏழுமலையின் வழி. காலை ஏழு மணிக்குக் குடிசையிலிருந்து புறப்பட்டோம். பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆசிரம் பஸ் நிறுத்தம் ஒரு கிலோமீட்டர், செல்வியை நான் தூக்கிக்கொண்டேன். பாதி தூரத்தில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. பஸ் எண்ணெல்லாம் வேண்டாம், 'முத்ரிகா' என்று எழுதியிருக்கும். ரிங் ரோட்டிலேயே நகரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற வண்டி அது. இரண்டு வண்டி நிற்காமல் போனது, மூன்றாவதில் தொற்றிக்கொண்டோம். லாஜ்பத் நகர், சவுத் எக்ஸ்டென்ஷன், மெடிக்கல் எல்லாம் கடந்து, பத்து கிலோமீட்டர் போல. இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் தமிழ் வழிப் பள்ளி. பள்ளியின் பெயர் வேண்டாம், அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

வாசலில் காவலுக்கு இருந்த சௌகிதார் என் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். என்னுடைய இந்தி, காய்கறி விலை கேட்பதோடு சரி. கமலேஷ் அன்று வரவில்லை. அதனால் அஞ்சலைதான் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இது அந்தப் பையனோட தங்கச்சியாச்சேன்றாரு. அவன் எங்கன்னு கேக்கறாரு. நல்ல பையனாம். கைப்புள்ளையெல்லாம் உள்ள வுட முடியாதுன்னு இவரு எத்தினியோ தபா சொன்னாராம். மொதல்ல தெனமும் வந்துகிட்டுதான் இருந்தானாம். அப்புறம் வந்து அந்த மரத்தாண்ட நின்னு மணி அடிக்கிற வரைக்கும் பாத்துட்டுப் போயிடுவானாம். தீபாவளிக்கு அப்புறம்..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். சௌகிதார் பேசிக்கொண்டே இருந்தார், அவள் மொழிபெயர்க்கவில்லை. செல்வியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, வாசலுக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். உள்ளே பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்து பாடத் தொடங்கியிருந்தார்கள்.

"தெனமும் சாயங்காலம் கேப்பேன்மா. இன்னா சொல்லிக் குடுத்தாங்கடான்னு. எதுனா ஒரு பாட்டு சொல்லுவான்" என்றாள்.

மதியம் அவளையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனோம். இந்த முறை ஏழுமலை பேசினான். அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை, மடியிலிருந்த செல்வியைப் பார்த்துப் பேசினான். பள்ளியில் விடவில்லை என்றதும் பாஸ் இருந்ததால் முத்ரிகாவிலேயே சுற்றியிருக்கிறான். வண்டிக்குள் குளிராது, செல்வி தூங்கிவிடும். ஒரு கண்டக்டர் கண்டுபிடித்து இறக்கிவிட்டுவிட்டார். அதன் பிறகுதான் யார்டு. அங்கே பெரிய பையன்கள் கரியை எரித்து நெருப்பு மூட்டியிருப்பார்கள், செல்விக்கு வேர்க்கடலை கொடுப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து, சாக்கைப் பிடிடா என்றார்கள், பிடித்தான். போலீஸ் வந்த அன்று எல்லாரும் ஓடினார்கள், இவனும் ஓடித் தண்டவாளம் தாண்டிவிட்டான். நெருப்புக்குப் பக்கத்தில் செல்வி உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கத் திரும்பி வந்தபோது பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் ஒருத்தி குழந்தையை அடையாளம் தெரிந்து வீட்டில் கொண்டுவந்து விட்டதை அஞ்சலை சொன்னாள்.

கமலேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நீதிமன்றம். நீதிமன்றம் என்றால் நீங்கள் நினைக்கிற கூண்டும் கறுப்பு அங்கியும் இல்லை. ஒரு மேசை, அதன் பின்னால் மாஜிஸ்ட்ரேட், பக்கத்தில் சமூக சேவகர்களாக இரண்டு பெண்மணிகள். நான் மொழிபெயர்ப்பாளர். மாஜிஸ்ட்ரேட் பையனிடம் ஒன்றுதான் கேட்டார். வாசலில் விடவில்லை என்று அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?

"சொன்னா அம்மா வேலைய வுட்டுடும். வேலைய வுட்டா ஊருக்குப் போவணும். ஊர்ல வேல இல்ல."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை. இந்தப் பையனை இன்றைக்கே அனுப்ப எனக்கு விருப்பம்தான், ஆனால் நாளைக் காலை ஆறு மணிக்கு அம்மா கிளம்பினதும் அந்தக் குழந்தை யாரிடம் இருக்கும்? அதற்குப் பதில் இல்லாமல் அனுப்பினால் அவன் மறுபடி யார்டுக்குத்தான் போவான். ஒரு வாரம் தருகிறேன், ஏற்பாட்டோடு வாருங்கள், இல்லையென்றால் சிறப்புப் பள்ளிதான் என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடிசைப் பகுதியிலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அரசு மானியத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. தகரக் கூரை, சுவரில் யானைப் படம், பால் பவுடர், கோதுமைக் கஞ்சி எல்லாம் உண்டு. ஆனால் திறப்பது காலை ஒன்பதரைக்கு. அஞ்சலை போவது ஆறு, ஏழுமலை போவது ஏழு. ஒன்பதரைக்குத் திறக்கிற காப்பகத்தில் யார் குழந்தையை விடுவார்கள்? வேலைக்குப் போகாத அம்மாக்கள்தான் விட்டார்கள். வருகைப் பதிவு நன்றாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கமலேஷும் நானும் அந்த நிறுவனத்தின் செயலாளரிடம் போனோம். மரியாதையான மனிதர். டீ கொடுத்தார், மானியம் நாலு மணி நேரத்துக்குத்தான் என்றார். நாலு மணி நேரமே போதும், காலை ஏழு மணியிலிருந்து என்றோம். ஆசிரியை ஷாஹ்தராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார், அவரும் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தானே வர வேண்டும் என்றார். அது நியாயம். உதவியாளராக இருக்கும் ராம்கலி அதே சந்தில்தானே குடியிருக்கிறாள், அவள் திறக்கட்டும் என்றோம். அவர் முகம் மாறியது. சாவி உதவியாளரிடம் இருக்கக் கூடாது என்பது விதி. உள்ளே பால் பவுடர் இருக்கிறதாம்.

கமலேஷின் குரல் அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். "ஒரு டப்பா பவுடருக்காக நாலு வருஷம் ஒரு பையனை உள்ள வைக்கணுமா?" கடைசியில் பால் பவுடருக்கு ஒரு பூட்டுப் போட்ட அலமாரி வாங்குவது, வாசல் சாவி ராம்கலியிடம், ஆசிரியை வந்து நாலு மணி நேரக் கணக்கில் மிச்சத்தைப் பார்ப்பது என்று முடிந்தது. விதியை மாற்ற மேலிடத்துக்கு எழுத வேண்டும், அதுவரை சோதனை முறை என்றார் செயலாளர். எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று நாங்கள் கிளம்பிவிட்டோம்.

இங்கே மாணவிக்காகக் கொஞ்சம் நிற்கிறேன். பள்ளி நேரத்தை ஒரு இலாகா வைக்கிறது, காப்பக நேரத்தை இன்னொன்று, பஸ் நேரத்தை வேறொன்று, அம்மாவின் வேலை நேரத்தை மேம்சாப். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே நடக்கிறது. ஏழுமலைக்குப் பள்ளி இருந்தது, பாஸ் இருந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் காப்பகம்கூட இருந்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருந்த இரண்டரை மணி நேரத்தை அவன் தன் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தான். எல்லா வழக்கும் இப்படி நேர் ஆகிவிடும் என்று சொல்ல வரவில்லை. தப்பி ஓடிய நாலு பையன்களில் இரண்டு பேர் பிறகு பிடிபட்டார்கள், அவர்களுக்கு வீடே இல்லை, சாவி கொடுத்துத் தீர்கிற கதையும் இல்லை. ஆனால் புதிதாகத் திட்டம் வேண்டும் என்று எழுதுவதற்கு முன், இருக்கிற திட்டத்தின் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

நடைமுறைக்கு: பிப்ரவரியில் போனால் இரண்டு ஸ்வெட்டர், கால் உறை அவசியம். அலுவலகங்களுக்குப் பத்து மணிக்கு மேல் போகலாம், குடிசைப் பகுதிக்குக் காலை ஐந்தரைக்கே போய்விடுங்கள், பத்து மணிக்குப் போனால் பேச வேண்டியவர்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அப்பா அம்மாவிடம் என்ன கேட்டாலும், சின்னக் குழந்தை யாரிடம் இருக்கிறது என்று மறக்காமல் கேளுங்கள். பஸ் எண்களை என்னிடம் கேட்காதீர்கள், நாற்பது வருடத்தில் எல்லாம் மாறியிருக்கும். இந்தி கொஞ்சமாவது கற்றுக்கொண்டு போங்கள். ஒரு அம்மா தன் பிள்ளையைப் பற்றிய செய்தியைத் தானே மொழிபெயர்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது.

ஒரு வாரம் கழித்து மாஜிஸ்ட்ரேட் ஏழுமலையை அம்மாவோடு அனுப்பினார், கமலேஷின் மேற்பார்வையில். மறுநாள் இரவு எனக்கு ரயில். காலையில் சொல்லிக்கொண்டு போகலாம் என்று குடிசைப் பகுதிக்குப் போனேன். அஞ்சலை ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டிருந்தாள். ராம்கலி காப்பகத்தைத் திறந்து தரையில் ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள், எல்லாரும் யாராவது ஓர் அண்ணனின் அல்லது அக்காவின் இடுப்பில். இத்தனை பேர் இருப்பார்கள் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

ஏழுமலை செல்வியை உள்ளே விட்டான். அது இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறியது. ராம்கலி ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து, யானைப் படத்தைக் காட்டிக்கொண்டே உள்ளே தூக்கிப் போனாள். அவன் போகவில்லை, தகரக் கதவோரமாக நின்றுகொண்டிருந்தான்.

"பஸ் போயிடும், ஏழுமலை" என்றேன்.

"அழுவுது டீச்சர். யாரு பாப்பாங்க?"

"அவங்க பாப்பாங்க. அதுக்குத்தான் அவங்க இருக்காங்க."

"பசிச்சா?"

"கஞ்சி குடுப்பாங்க."

"தூங்குனா?"

"ஜமக்காளத்துல போடுவாங்க. பதினோரு மணிக்கு அம்மா வந்து தூக்கிக்கும்."

புத்தகப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினான். பிறகு, கடைக்காரர் தவறுதலாக மிச்சச் சில்லறை அதிகம் கொடுத்துவிட்டால் கேட்பார்களே, அந்தக் குரலில் கேட்டான்.

"அப்ப நான் இஸ்கூலுக்கு மட்டும் போனா போதுமா டீச்சர்?"